எரிசக்தி மாடல்கள்: கோடு (நிரல்) திறந்திருக்கிறது, எண்கள் எங்கிருந்து வந்தன?

காற்றுக்கணக்கு (இழையைத் தொடங்கியவர்)

நாலு மாதமாக ஒரே ஆய்வுக் கட்டுரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். நிலக்கரி நிலையங்களைச் சீக்கிரம் மூடினால் மின் அமைப்பின் மொத்தச் செலவு எவ்வளவு கூடும் என்று கணினி மாடலில் கணக்கிட்ட கட்டுரை. கொள்கை அறிக்கைகளில் அதன் முடிவை எடுத்துக் காட்டுகிறார்கள். அதே கணக்கை நானும் போட்டு அதே விடையை எட்ட முடிகிறதா என்று பார்க்க ஆசைப்பட்டேன். அவ்வளவுதான் என் நோக்கம்.

மாடலின் கோடு, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் இருக்கிறது. இறக்கி ஓட்டினால் ஓடவும் செய்கிறது. ஆனால் அதற்குள் போகும் எண்கள் எல்லாம் ஒரே ஒரு எக்செல் கோப்பில் கிடக்கின்றன. "திருத்திய மூலதனச் செலவு" என்று ஒரு நெடுவரிசை. எதிலிருந்து திருத்தினார்கள், யார் திருத்தினார்கள், எந்த ஆண்டின் விலையில்? ஒரு வரி விளக்கம்கூட இல்லை. டிஸ்கவுன்ட் ரேட், அதாவது முதலீட்டை ஆண்டுச் செலவாகப் பரப்பும்போது வைக்கும் வட்டி போன்ற வீதம், என்ன என்று கட்டுரையிலும் இல்லை, கோப்பிலும் இல்லை. ஆண்டுச் செலவாக மாற்றி முடித்த எண்தான் இருக்கிறது.

இது ஏன் முக்கியம் என்று புதியவர்களுக்காகச் சொல்கிறேன். கிலோவாட்டுக்கு 1000 டாலர் செலவாகும் ஒரு காற்றாலை, ஆயுள் 25 ஆண்டு என்று வையுங்கள். 5 சதவீதம் என்று கணக்கிட்டால் ஆண்டுக்கு 71 டாலர். 10 சதவீதம் என்றால் 110 டாலர். ஆலை மாறவில்லை, காற்று மாறவில்லை, செலவு மட்டும் பாதிக்கு மேல் கூடிவிட்டது. எரிபொருளுக்கே பெரும்பகுதி செலவாகும் எரிவாயு நிலையத்தை இந்த வீதம் அவ்வளவாகத் தொடாது. எதைக் கட்டலாம் என்ற போட்டியின் முடிவையே இந்த ஓர் எண் புரட்டிப் போடும். அந்த எண்தான் எனக்குக் கிடைக்கவில்லை.

கட்டுரை ஆசிரியருக்கு எழுதினேன். மரியாதையாகப் பதில் போட்டார். அந்தக் கோப்பைத் தயாரித்த மாணவர் வேலை மாறிப் போய்விட்டாராம். சில எண்கள் ஓர் ஆலோசனை நிறுவனத்திடமிருந்து ஒப்பந்தத்தின் பேரில் வாங்கியவை, வெளியே தர முடியாதாம். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் ஒரு கேள்வி உறுத்துகிறது. பொது முடிவுகளுக்கு ஆதாரமாக நிற்கும் ஒரு கணக்கில் குறைந்தபட்சம் எதையெல்லாம் திறந்து காட்ட வேண்டும்? கோடு மட்டும் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு எண்ணும் எந்த மூலத்திலிருந்து கிளம்பி, எந்தெந்தக் கை பட்டு, மாடலுக்குள் வந்தது என்ற தடம் வேண்டும். உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

---

பழைய பலகை

தம்பி, நீங்கள் கேட்கும் கேள்விக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. ஆஸ்திரியாவில் லாக்சன்பர்க் என்ற ஊரில் பன்னாட்டுப் பயன்பாட்டு அமைப்புப் பகுப்பாய்வு நிறுவனம் இருக்கிறது. 'ஐயாசா' என்பார்கள். பனிப்போர்க் காலத்தில் கிழக்கும் மேற்கும் சேர்ந்து நடத்திய இடம். அங்கே வுல்ஃப் ஹாஃபெலே தலைமையில் உலகத்தின் எரிசக்தி எதிர்காலம் பற்றிப் பெரிய ஆய்வு ஒன்று நடந்து 1981-இல் வெளியானது. பல கணினி மாடல்களை ஒன்றோடொன்று கோத்துச் செய்த கணக்கு என்று சொன்னார்கள். அணுசக்தியும், செலவழிப்பதைவிடக் கூடுதல் அணு எரிபொருளை உருவாக்கும் ஈனுலைகளும் பெரிய அளவில் வரும் என்பது அதன் முக்கிய முடிவுகளில் ஒன்று.

பில் கீப்பின் என்ற ஆய்வாளர் அந்த நிறுவனத்துக்குள்ளேயே இருந்து மாடல்களைப் பிரித்துப் பார்த்தார். பிரையன் வின் என்பவரோடு சேர்ந்து 1984-இல் நேச்சர் இதழில் எழுதினார். அவர் கண்டது இதுதான்: மாடலிலிருந்து வெளியே வந்த முடிவுகள் பெரும்பாலும் உள்ளே கையால் போட்ட அனுமானங்களின் மறுபதிப்பு. கோத்து வைத்த மாடல்கள் ஒன்றுக்கொன்று பின்னூட்டம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளவும் இல்லை. செலவு அனுமானத்தைச் சற்றே மாற்றினால் அணுசக்தியின் பங்கு தலைகீழாக மாறியது.

இதில் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது ஒன்று உண்டு. கீப்பினால் அதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், அவர் உள்ளே இருந்தார். வெளியே இருந்த எந்த ஆய்வாளருக்கும் அறிக்கையை நம்புவது அல்லது நம்பாமல் விடுவது என்ற இரண்டு வழிதான். சரிபார்க்க வழியே இல்லை. நீங்கள் இன்று நிற்கும் இடம் அதைவிட ஒரு படி மேல். கோடாவது கையில் இருக்கிறது. அடுத்த படிக்குத்தான் சண்டை போட வேண்டும்.

---

துணைமின்நிலையம்

நான் கிரிட் (மின்கடத்தல் வலை) பக்கம் வேலை பாக்கறவன். எல்லாத்தையும் திறந்து வைங்கன்னு சுலபமா சொல்லிடறீங்க, எங்க பக்கத்து நிலைமையையும் கொஞ்சம் கேளுங்க.

எந்தப் பஸ்பாருல எந்த பிரேக்கர், எந்த லைன் ட்ரிப் ஆனா எது ஓவர்லோடு ஆகும், இதெல்லாம் தப்பான ஆள் கையில கிடைச்சா என்ன ஆகும்னு எங்களுக்குத் தெரியும். அமெரிக்காவுல 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு அப்புறம் இந்த மாதிரி விவரங்களுக்குத் தனியா கட்டுப்பாடு கொண்டுவந்தாங்க. அது சும்மா பயமுறுத்தறதுக்கு இல்ல. ரெண்டாவது, ஒரு பெரிய தொழிற்சாலையோட மணிவாரி லோடை வெளியிட்டா அதோட போட்டிக் கம்பெனிக்கு உற்பத்தி அளவு தெரிஞ்சு போயிடும். அவங்க எங்க மேல கேஸ் போடுவாங்க. மூணாவது, நாங்க கொடுத்த டேட்டாவுல ஒரு பிழை இருந்து, அதை வச்சு ஒருத்தர் தப்பா முடிவெடுத்தா, பொறுப்பு யாருது?

மறைக்கணும்னு ஆசைப்பட்டு யாரும் மறைக்கல. திறந்து வச்சா எனக்கு நல்ல பேர் கிடையாது, பிரச்சனை வந்தா என் தலை உருளும். அப்படி இருக்கறப்ப எந்த அதிகாரி கையெழுத்துப் போடுவார்?

---

வெட்டவெளி

@துணைமின்நிலையம், நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி. மூன்றையும் ஒரே மூட்டையில் கட்ட வேண்டாம், தனித்தனியாகப் பிரிப்போம்.

மின்தடங்களைக் காக்கும் கருவிகளின் விவரம், ரிலே அமைப்பு இதெல்லாம் எரிசக்தித் திட்டமிடல் மாடலுக்குத் தேவையே இல்லை. எங்களுக்கு வேண்டியது எந்த இரண்டு இடங்களுக்கு நடுவே எத்தனை மெகாவாட் போகலாம் என்பது மட்டும். உயரழுத்தக் கோபுரங்கள் சாலையில் போகும் எவர் கண்ணுக்கும் தெரிகின்றன. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தன்னார்வலர்கள் அவற்றை வரைந்து வைத்திருக்கிறார்கள். பைப்சா-யூர் போன்ற மாடல்கள் ஐரோப்பாவின் கட்டமைப்பையே இப்படிப் பொதுவில் கிடைக்கும் வரைபடங்களிலிருந்து எடுத்துத்தான் கட்டின. உண்மையான கட்டமைப்பைத் தரவே முடியாது என்ற இடத்துக்கும் வழி உண்டு. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் டெக்சாஸ் நிலப்பரப்பின் மேல் 2000 பஸ் (மின்தடங்கள் சேரும் முனை) கொண்ட ஒரு கற்பனைக் கட்டமைப்பை உருவாக்கிப் பொதுவில் வைத்தார்கள். உண்மைக் கட்டமைப்பின் குணம் அதில் இருக்கும், ரகசியம் எதுவும் இருக்காது. புதிய முறைகளைச் சோதிக்க அது போதும்.

வணிக ரகசியத்துக்கு வருவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 543/2013 விதிப்படி, மின்கடத்தல் நிறுவனங்களின் கூட்டமைப்பு நடத்தும் வெளிப்படைத்தன்மைத் தளம் 2015 ஜனவரியில் தொடங்கியது. 100 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள உற்பத்தி அலகுகள் ஒவ்வொன்றும் எவ்வளவு உற்பத்தி செய்தது என்பது ஐந்து நாள் கழித்து வெளியாகிறது. சந்தையில் போட்டி நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஐந்து நாள் என்ற அந்த இடைவெளியில்தான் சூட்சுமம் இருக்கிறது. இன்றைக்கு ரகசியமாக இருக்கும் எண் அடுத்த மாதம் ரகசியம் இல்லை, ஐந்து வருடம் கழித்து நிச்சயமாக இல்லை.

அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அந்தத் தளத்தில் இடைவெளிகள் உண்டு, நாட்டுக்கு நாடு வரையறை மாறுகிறது. ஆனால் பொதுவில் இருந்ததால்தான் ஓட்டை எங்கே என்று வெளியாட்கள் உட்கார்ந்து பட்டியல் போட முடிந்தது.

பொறுப்பு யாருடையது என்ற உங்கள் மூன்றாவது கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும், ஆனால் சட்டம் தெரிந்தவர் சொல்வது நல்லது.

---

உரிமம் முதலில்

கூப்பிட்டுவிட்டீர்கள், வந்துவிட்டேன்.

பொறுப்புக்கு முதலில். பொதுவாகப் புழங்கும் திறந்த உரிமங்கள் எல்லாவற்றிலும் "உள்ளது உள்ளபடி தருகிறோம், உத்தரவாதம் இல்லை" என்ற பிரிவு இருக்கிறது. உரிமமே போடாமல் இணையத்தில் ஏற்றி வைக்கும்போதுதான் அந்தப் பாதுகாப்பு கிடைக்காமல் போகிறது. துணைமின்நிலையம் ஐயாவின் அதிகாரி கையெழுத்துப் போடத் தயங்கினால் இந்தப் பிரிவைத்தான் அவர் முன்னால் வைக்க வேண்டும்.

அடுத்தது எல்லோருக்கும். இலவசமாக இறக்கலாம் என்பதும் திறந்தது என்பதும் ஒன்றல்ல. உரிமம் எழுதாத கோடு, பதிப்புரிமைச் சட்டத்தின்படி எல்லா உரிமையும் ஆசிரியருக்கே என்ற நிலையில்தான் இருக்கிறது. பார்க்கலாம், மாற்றி மறுபடி வெளியிட முடியாது. எண்களுக்குப் பதிப்புரிமை கிடையாதே என்று கேட்பீர்கள். உண்மைதான், தனி எண்ணுக்குக் கிடையாது. ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 1996-ஆம் ஆண்டு தரவுத்தள ஆணை, பெரும் முதலீட்டில் திரட்டிய தொகுப்புக்கே 15 ஆண்டு தனி உரிமை கொடுக்கிறது. அதனால் ஒரு மாடலுக்குள் பத்து இடத்திலிருந்து எடுத்த தொகுப்புகளைக் கலக்கும்போது சட்டச் சிக்கல் உண்மையாகவே வருகிறது.

நான் எல்லோருக்கும் சொல்வது: கோடுக்கு எம்ஐடி அல்லது அப்பாச்சி உரிமம், தரவுக்கு, பெயரைக் குறிப்பிட்டால் யாரும் பயன்படுத்தலாம் என்ற சிசி-பை 4.0 உரிமம். பழைய 3.0 வேண்டாம், தரவுத்தள உரிமையை 4.0-தான் ஒழுங்காகக் கையாள்கிறது. "வணிகப் பயன்பாடு கூடாது" என்ற நிபந்தனையைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சேர்க்கிறார்கள், தெரியும். ஆனால் வேறு திறந்த தரவோடு அதைக் கலந்து வெளியிட முடியாது. கட்டணம் வாங்கும் ஆலோசகர், செய்தித்தாள், கூட்டுறவுச் சங்கம் எல்லோருக்கும் கதவு சாத்தப்படும்.

மூலத் தரவை மறுபடி வெளியிட அனுமதி இல்லையா? அதை இறக்கி, சுத்தம் செய்து, மாடலுக்குள் ஏற்றும் ஸ்கிரிப்டை (சிறு நிரலை) வெளியிடுங்கள். படிப்பவர் மூலத்திலிருந்து தானே இறக்கிக்கொள்வார். @காற்றுக்கணக்கு கேட்கும் தடம் அந்த ஸ்கிரிப்டில் அப்படியே இருக்கும்.

---

இரண்டாம் ஆண்டு

ரொம்பத் தயங்கித்தான் எழுதுறேன். நான் முனைவர் பட்ட மாணவி. ஒன்றரை வருஷமா மின்நிலையங்களோட பழைய ஆண்டறிக்கைகளை ஒவ்வொண்ணாப் படிச்சு, ஸ்கேன் செஞ்ச பக்கங்களிலிருந்து எண்களைத் தட்டச்சு பண்ணி, ஒரு தொகுப்பு உருவாக்கியிருக்கேன். முதல் கட்டுரை இன்னும் வரல. இப்பவே திறந்து வச்சா, என்னைவிட வேகமா எழுதுற பெரிய குழு அதை எடுத்து மூணு கட்டுரை போட்டுடும். எனக்கு என்ன மிஞ்சும்?

இன்னொரு பயமும் இருக்கு. தட்டச்சு பண்ணினதுல பிழை நிச்சயம் இருக்கும். யாராவது கண்டுபிடிச்சுப் பொதுவுல காட்டினா என் ஆய்வே போச்சுன்னு ஆகிடாதா? மூத்தவங்க எல்லாரும் திறந்து வைன்னு சொல்றீங்க. உங்களுக்கு நிரந்தர வேலை இருக்கு.

---

பழைய பலகை

மகளே, உங்கள் முதல் பயம் நியாயமானது, அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. முதல் கட்டுரை வரும்வரை வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை வரும் அன்றே தரவையும் வெளியிடுங்கள். செர்ன் ஆய்வுக்கூடம் நடத்தும் செனோடோ என்ற தரவுக் களஞ்சியம் 2013 முதல் இருக்கிறது. ஏற்றினால் நிரந்தர அடையாள எண் கிடைக்கும், ஒவ்வொரு பதிப்புக்கும் தனி எண். உங்கள் தொகுப்பை எடுத்தாள்பவர் அந்த எண்ணை மேற்கோள் காட்டியாக வேண்டும். முன்கூட்டியே ஏற்றி, குறிப்பிட்ட தேதிவரை பூட்டி வைக்கவும் அதில் வசதி இருக்கிறது.

இரண்டாவது பயத்துக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். எரிசக்தித் துறை இல்லை, பொருளாதாரம். ரெய்ன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பெரிய பேராசிரியர்கள் அரசுக் கடனையும் வளர்ச்சியையும் பற்றி 2010-இல் எழுதிய கட்டுரை உலகம் முழுக்கச் சிக்கன நடவடிக்கைகளுக்கு ஆதாரமாக எடுத்துக்காட்டப்பட்டது. மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் வகுப்புப் பயிற்சிக்காக அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். விடை வரவில்லை. உங்களைப்போல, @காற்றுக்கணக்கு. கேட்டபோது ஆசிரியர்கள் தங்கள் எக்செல் கோப்பையே அனுப்பினார்கள். திறந்து பார்த்தால் சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகளின் வரிசைகள் விட்டுப்போயிருந்தன. தரவைத் தேர்ந்ததிலும் எடை கொடுத்ததிலும் வேறு குறைகளையும் காட்டினார். 2013-இல் அது வெளிவந்தது.

மூன்று வருடம் அந்தப் பிழை யார் கண்ணிலும் படாமல் உலகம் சுற்றியது. கட்டுரை வந்த அன்றே கோப்பும் வந்திருந்தால் யாரோ ஒரு மாணவர் அந்த மாதமே பிடித்திருப்பார், ஒரு திருத்தத்தோடு முடிந்திருக்கும். உங்கள் தட்டச்சுப் பிழையும் அப்படித்தான். தொகுப்போடு ஸ்கேன் பக்க எண்ணையும் ஒவ்வொரு வரிக்கும் எழுதி வையுங்கள். பிழையைக் கண்டவர் உங்களுக்கு எழுதுவார், அடுத்த பதிப்பில் திருத்துவீர்கள்.

---

அலகு பார்

பதினோரு வருடமாக மின் தரவைச் சுத்தம் செய்வதே என் பிழைப்பு. மேலே எல்லோரும் பேசுவது எனக்குச் சம்மதம். ஆனால் திறந்து வைத்த தரவிலும் எண் எப்படிக் கெட்டுப்போகும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் "தடம்" என்றால் என்னவென்று புரியாது.

நேரம். வருடத்துக்கு 8760 மணி, லீப் வருடத்தில் 8784. கோடைகால நேரம் கடைப்பிடிக்கும் நாட்டில் ஒரு நாளுக்கு 23 மணி, இன்னொரு நாளுக்கு 25 மணி. தேவைத் தரவு உள்ளூர் நேரத்திலும் சூரிய ஒளித் தரவு உலகப் பொது நேரத்திலும் இருக்கும், இரண்டையும் அப்படியே பக்கத்தில் ஒட்டிவிடுவார்கள். மாடல் எந்தப் பிழையும் காட்டாது. நண்பகல் உச்சம் இடம் மாறிவிடும், மாலைத் தேவையைச் சூரியசக்தி எவ்வளவு தாங்கும் என்பதும் பேட்டரி எவ்வளவு வேண்டும் என்பதும் தவறாக வரும். அறிக்கை அச்சாகிவிடும். மணியின் பெயர் மணியின் தொடக்கத்தைக் குறிக்கிறதா முடிவைக் குறிக்கிறதா என்பதே பாதிக் கோப்புகளில் எழுதியிருக்காது.

எரிவாயு. மேல் வெப்ப மதிப்பு, கீழ் வெப்ப மதிப்பு என்று இரண்டு உண்டு. எரியும்போது உண்டாகும் நீராவியின் வெப்பத்தைச் சேர்த்தால் மேல், விட்டால் கீழ். எரிவாயுவுக்கு இரண்டுக்கும் ஏறக்குறைய 10 சதவீத வித்தியாசம். கீழ் மதிப்பில் 60 சதவீதத் திறன் என்று சொல்லும் நிலையம் மேல் மதிப்பில் 54. ஒரு மூலத்திலிருந்து திறனையும் இன்னொரு மூலத்திலிருந்து எரிபொருள் விலையையும் எடுத்தால் பத்தில் ஒரு பங்கு எரிபொருள் காணாமல் போகும், அல்லது எங்கிருந்தோ முளைக்கும்.

திறன் அளவு. மொத்தமா, நிலையத்தின் சொந்தத் தேவை போக நிகரமா? நிலக்கரி நிலையத்தில் அந்த வித்தியாசம் கணிசமானது. சூரிய மின்நிலையத்தில் தகடுகளின் நேர்மின் திறனா, இன்வெர்ட்டருக்கு அப்பால் மாறுமின் திறனா?

முதன்மை எரிசக்தி, அதாவது மின்சாரமாக மாறும் முன் இருக்கும் எரிசக்தி. அணுமின் நிலையம் தந்த ஒரு யூனிட்டை மூன்று யூனிட் வெப்பமாகக் கணக்கு வைப்பது ஒரு மரபு, 33 சதவீதத் திறன் என்று வைத்துக்கொண்டு. அதே மரபில் காற்றாலையின் ஒரு யூனிட் ஒரே யூனிட்தான். வேறு மரபில் காற்றாலை யூனிட்டையும் அனல் நிலையத்துக்கு ஈடாகப் பெருக்குவார்கள். எந்த மரபு என்று எழுதாமல் "மொத்த எரிசக்தியில் காற்றின் பங்கு" என்று படம் போட்டால் அந்தப் படத்துக்குப் பொருளே இல்லை.

கோப்பு வடிவம் இன்னொரு வேதனை. அமெரிக்க எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் மின் நிறுவனங்களின் நிதிக் கணக்கைப் படிவம் 1 என்ற பெயரில் பல ஆண்டுகளாகப் பொதுவில்தான் வைத்திருந்தது. ஆனால் விஷுவல் ஃபாக்ஸ்ப்ரோ என்ற பழைய மென்பொருளின் கோப்பாக. சட்டப்படி திறந்த தரவு, நடைமுறையில் பூட்டு. கேட்டலிஸ்ட் என்ற கூட்டுறவுக் குழு அதைப் பிரித்து, மற்ற அரசுப் படிவங்களோடு இணைத்து, எல்லோரும் பயன்படுத்தும்படி 'படுல்' என்ற பெயரில் வெளியிடுகிறது. வெளியே பெயர் தெரியாத வேலை. அந்தக் குழுவை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆகவே காற்றுக்கணக்கு, நீங்கள் கேட்ட குறைந்தபட்சத்துக்கு என் பதில் இது. மூலக் கோப்பைத் தொடவே கூடாது, அப்படியே ஒரு ஃபோல்டரில் இருக்கட்டும். அதிலிருந்து மாடல் எண் வரை ஒவ்வொரு மாற்றமும் ஸ்கிரிப்டில் நடக்கட்டும், எக்செல்லில் கையால் ஒரு கட்டத்தைக்கூட மாற்றாதீர்கள். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அலகு, ஆண்டு, மூலம், மரபு. இதை எழுதுவதற்கு ஒரு வாரம் ஆகும். எழுதாமல் விட்டால் அடுத்தவருக்கு நாலு மாதம் ஆகும் என்பதற்கு நீங்களே சாட்சி.

---

சால்வர்

ஒரு சின்னக் குறுக்கீடு. கோடு திறந்திருக்கிறது என்று சொல்லும் பல மாடல்கள் காம்ஸ் என்ற வணிக மென்பொருளின் மொழியில் எழுதியவை, உரிமம் இல்லாமல் பெரிய கணக்கு ஓடாது. டைம்ஸ் என்ற எரிசக்தி மாடலின் கோடு இப்போது திறந்த உரிமத்தில் கிடைக்கிறது, ஆனால் அதை ஓட்டக் காம்ஸ் வேண்டும். 2011-இல் ஓசிமோசிஸ் என்ற மாடல் வெளிவந்தபோது அதைக் குனு மேத்ப்ராக் என்ற இலவச மொழியில் எழுதி ஜிஎல்பிகே சால்வரில் (மாடலின் சமன்பாடுகளைத் தீர்க்கும் மென்பொருளில்) ஓடும்படி விட்டதற்குக் காரணமே இதுதான். காசே இல்லாமல் ஒரு மாணவர் ஓட்ட முடியும். வேகம் குறைவுதான், பெரிய கணக்குக்குத் தாங்காது. இப்போது எடின்பரோவில் உருவான ஹைஸ் சால்வர் எம்ஐடி உரிமத்தில் வந்து அந்த இடைவெளியை நிறையவே குறைத்திருக்கிறது. மிகப் பெரிய கணக்குகளில் இன்னும் வணிக சால்வர்கள் முன்னால் நிற்கின்றன. உங்கள் கட்டுரையில் எந்த சால்வர், எந்தப் பதிப்பு, என்ன பிழை வரம்பு என்று ஒரு வரி எழுதுங்கள், போதும்.

---

மறுகரை

எல்லோரும் ஒரே திசையில் பேசுவதால் எதிர்ப்பக்கம் கொஞ்சம் நிற்கிறேன். விரோதமாக இல்லை, அக்கறையோடுதான்.

கோடு திறந்தாயிற்று, தரவு திறந்தாயிற்று, ஸ்கிரிப்டும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பல்லாயிரம் வரிக் கோடு. யார் படிப்பார்கள்? திறந்திருப்பது வேறு, தெளிவாக இருப்பது வேறு. எண்களைவிட ஆபத்தானவை வரம்புகள். "காற்றாலை வருடத்துக்கு இவ்வளவுக்கு மேல் வளரக் கூடாது", "அணுமின் நிலையம் 2035-க்கு முன் கட்ட முடியாது" என்று மாடலுக்குள் ஒரு வரி இருக்கும். அந்த வரி ஒரு மனிதரின் தீர்ப்பு, அளந்து எடுத்த தரவு கிடையாது. அதை ஏன் அப்படி வைத்தார் என்பது எந்த ஸ்கிரிப்டிலும் இருக்காது. முடிவு வெளிவந்ததும் மாடலே சொன்னதுபோல ஆகிவிடும்.

இன்னொன்று. மிகக் குறைந்த செலவுள்ள வழி எது என்று மாடல் சொல்வதை ஏன் ஒரே விடையாக எடுத்துக்கொள்கிறோம்? பிரிட்டனின் மின் அமைப்பு 1990 முதல் 2014 வரை உண்மையில் போன பாதையை, மாடல் சொல்லும் உகந்த பாதையோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. உண்மையான பாதையின் மொத்தச் செலவு உகந்ததிலிருந்து 9 முதல் 23 சதவீதம் விலகியிருந்தது. அப்படியானால் உகந்த விடைக்குப் பக்கத்தில், சற்றே கூடுதல் செலவில், முற்றிலும் வேறு வடிவமுள்ள அமைப்புகள் எத்தனையோ இருக்கும். அவற்றையும் காட்டாத கட்டுரை, கோடு முழுவதையும் திறந்து வைத்தாலும் என்னைப் பொறுத்தவரை பாதிதான் காட்டுகிறது.

---

காற்றுக்கணக்கு

@மறுகரை, எதிர்ப்பக்கம் என்கிறீர்கள், எனக்கு நீங்கள் இந்தப் பக்கம் நிற்பதாகத்தான் படுகிறது. வரம்புகளுக்குத் தனியாக ஒரு பட்டியல் வேண்டும், ஒவ்வொன்றுக்கும் ஏன் என்று இரண்டு வரி. இதுவரை எனக்கு இது தோன்றவே இல்லை. ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் "யார் படிப்பார்கள்" என்பதை ஏற்க முடியவில்லை. ஆயிரம் பேர் படிக்க வேண்டியதில்லை. ஹெர்ண்டன் ஒருவர் போதுமாக இருந்தது. கீப்பின் ஒருவர் போதுமாக இருந்தது. அந்த ஒருவர் படிக்க நினைக்கும்போது கதவு திறந்திருக்க வேண்டும், அவ்வளவே.

---

வெட்டவெளி

இதோடு ஒன்று சேர்க்கிறேன். பிரிட்டனில் 2012-இல் ஒரு ரயில் தடத்தின் குத்தகைப் போட்டியை அரசு மாடலில் இருந்த பிழைகளால் ரத்து செய்ய வேண்டியதாயிற்று. குறைந்தது 5 கோடி பவுண்டு பொதுப் பணம் போனது. அதற்குப் பிறகு நிதித்துறை ஓர் ஆய்வு நடத்தி, அரசு முழுக்க 500-க்கும் மேற்பட்ட முக்கிய மாடல்கள் முடிவுகளைத் தாங்கி நிற்கின்றன என்று 2013-இல் பட்டியலிட்டது. எது எதற்கு மாடல் இருக்கிறது என்ற பட்டியலே அதுவரை இல்லை. அதே அரசின் எரிசக்தித் துறை 2010-லேயே 2050 கணிப்பான் என்று ஒன்றை, எக்செல் கோப்போடு சேர்த்து, யார் வேண்டுமானாலும் நெம்புகோல்களை நகர்த்திப் பார்க்கலாம் என்று வெளியிட்டிருந்தது. ஒரே அரசுக்குள் இரண்டு பழக்கம். விருப்பம் இருந்த இடத்தில் முடிந்திருக்கிறது.

---

துணைமின்நிலையம்

எல்லாரும் சொன்னதை நிதானமா ரெண்டு தடவை படிச்சேன். தாமதமா வெளியிடறது, மாவட்ட அளவுல கூட்டிக் கொடுக்கறது, உத்தரவாதம் இல்லன்னு உரிமத்துலயே எழுதறது, இது மூணும் எங்க ஆபீஸ்ல பேசிப் பார்க்கக்கூடியதுதான்.

ஆனா பராமரிப்பு பத்தி யாரும் பேசல. உலக வள நிறுவனம் 2018-ல மின்நிலையத் தரவுத்தளம் ஒண்ணு கொண்டுவந்தாங்க. வளர்ந்து 167 நாடு, கிட்டத்தட்ட 35,000 நிலையம் வரைக்கும் போச்சு. நாங்ககூடப் பயன்படுத்தினோம். 2022 ஆரம்பத்துல பராமரிப்பு நின்னுபோச்சு. ஐரோப்பாவுல ஓப்பன் பவர் சிஸ்டம் டேட்டான்னு ரொம்ப அருமையான ஒண்ணு இருந்துச்சு, அதோட மணிவாரித் தொடரும் 2020-க்கு அப்புறம் புதுசா வரல. ஆய்வு நிதி மூணு வருஷத்துக்குத்தான் வருது, டேட்டா தினமும் வருது. புதுசாத் திறக்கறதுக்குக் கைதட்டறாங்க, பத்து வருஷம் நடத்தறவனுக்குச் சம்பளம் கொடுக்க ஆள் இல்ல. ஜெர்மனில 2019-ல வந்த மின்சந்தை முதன்மைத் தரவுப் பதிவேடு மாதிரி, சட்டத்தாலயே ஒரு அலுவலகத்துக்கு இந்த வேலையைக் கட்டாயமாக்கணும். அங்க வீட்டு மாடி சோலார் வரைக்கும் பதிவாகுது. அப்பதான் நிக்கும்.

---

உரிமம் முதலில்

@துணைமின்நிலையம், இதை முழு மனதோடு ஏற்கிறேன். பன்னாட்டு எரிசக்தி முகமையைப் பாருங்கள். உறுப்பு நாடுகளின் அரசுகள் நிதி தருகின்றன, அந்த அரசுகள்தான் தரவையும் தருகின்றன. ஆனாலும் விரிவான தரவில் பெரும்பகுதியை விலைக்கு விற்கிறார்கள், வருமானத்தில் ஒரு பங்கு அதிலிருந்து வர வேண்டும் என்று அமைப்பு வைத்திருப்பதால். மக்கள் ஒருமுறை வரியாகக் கொடுத்தாயிற்று. பராமரிப்புச் செலவை நேரடியாகக் கொடுத்துவிட்டால் பூட்டுக்குத் தேவையே வராது. 'Our World in Data' என்ற தரவு இணையதளக் குழுவினர் இதைப் பகிரங்கமாகக் கேட்டார்கள், ஓரளவு அசைந்திருக்கிறது. முழுவதும் திறக்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

---

காற்றுக்கணக்கு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். செய்தி இருக்கிறது.

இந்த இழையில் சொன்னவற்றை ஒரு பக்கமாகத் தொகுத்து அந்த ஆசிரியருக்கே மறுபடி அனுப்பினேன். குறை சொல்லாமல், இன்னது கிடைத்தால் இன்னதைச் சரிபார்க்கலாம் என்று மட்டும் எழுதினேன். அவர் வேலை மாறிப்போன மாணவரைத் தேடிப் பிடித்துக் கேட்டிருக்கிறார். "திருத்திய" என்பது விலைவாசித் திருத்தமாம், எல்லாவற்றையும் ஒரே ஆண்டின் விலைக்குக் கொண்டுவந்தது. டிஸ்கவுன்ட் ரேட் ஒன்றல்ல, இரண்டு. பழைய வகை நிலையங்களுக்கு 7 சதவீதம், காற்றுக்கும் சூரியனுக்கும் 10. புதிய தொழில்நுட்பத்துக்குக் கடன் கிடைப்பது கடினம் என்ற எண்ணத்தில் வைத்தார்களாம். அந்தக் காலத்தில் அது ஏற்கக்கூடிய காரணமாகவே இருந்திருக்கலாம். @மறுகரை சொன்ன "ஒரு மனிதரின் தீர்ப்பு" இதுதான்.

அந்த இரண்டு எண்களைப் போட்டதும் கட்டுரையின் விடை எனக்கு அப்படியே வந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக. அன்றிரவு தூங்கவே இல்லை. பிறகு எல்லாவற்றுக்கும் 7 என்று ஒரே வீதம் வைத்து ஓட்டினேன். சீக்கிரம் மூடுவதன் கூடுதல் செலவு வெகுவாகச் சுருங்கிவிட்டது. கட்டுரை தவறு என்று நான் சொல்லவில்லை. வீதம் இன்னது என்று தெரிந்திருந்தால் கொள்கை அறிக்கைகள் அந்த முடிவை வேறு விதமாக எழுதியிருக்கும்.

ஆசிரியரின் சம்மதத்தோடு எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். மூலக் கோப்புகள் தனி ஃபோல்டர், ஸ்கிரிப்ட் தனி, வரம்புகளின் பட்டியல் தனி. ஒப்பந்தத்தில் வாங்கிய மூன்று நெடுவரிசைகளை எடுத்துவிட்டுப் பொதுவில் கிடைக்கும் எண்களை வைத்திருக்கிறேன், அதனால் விடை எவ்வளவு நகர்ந்தது என்பதையும் எழுதியிருக்கிறேன். தரவுக்கு சிசி-பை 4.0, கோடுக்கு எம்ஐடி.

---

அலகு பார்

இறக்கிப் பார்த்தேன். மிக நன்றாகச் செய்திருக்கிறீர்கள். தேவைத் தொடரில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று 24 மணி இருக்கிறது. அந்த நாட்டில் அன்று 23 தான் இருக்க வேண்டும். யாரோ நடுவில் ஒரு மணியை இட்டு நிரப்பியிருக்கிறார்கள். மூலத்திலேயே அப்படியா, உங்கள் ஸ்கிரிப்டா?

---

காற்றுக்கணக்கு

மூலத்திலேயே அப்படித்தான், இப்போதுதான் கவனித்தேன். குறிப்பில் சேர்த்து அடுத்த பதிப்பு ஏற்றுகிறேன். பேட்டரி செலவு அட்டவணையையும் ஒரு தடவை பாருங்களேன். ஏழாவது நெடுவரிசை கிலோவாட்டுக்கா, கிலோவாட் மணிக்கா என்று எனக்கு இன்னும் உறுதியாகவில்லை.

---

இரண்டாம் ஆண்டு

அந்த நெடுவரிசையோட மூல அறிக்கை என்னோட ஸ்கேன் தொகுப்புல இருக்கு. பக்கத்தைத் தேடி எடுத்து நாளைக்குக் காலையில ஏத்துறேன்.